சான் லொரென்சோ: மலைமுகட்டிலிருந்து அலைவரை

கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் என்றதும் அலைச்சறுக்குப் பேச்சுதான் வரும். ஸ்டீமர் லேன் அலைகள், கலங்கரை விளக்கத்துக்குள் அமைந்த அலைச்சறுக்கு அருங்காட்சியகம், குளிர்கடலிலும் இறங்க வைக்கும் ரப்பர் உடையால் பெயர்பெற்ற ஜாக் ஓ'நீல் என்று அடுக்குவார்கள். ஊருக்குள் ஓடும் ஆற்றைச் சொல்பவர் குறைவு. இந்த ஊருக்கு அலையைப் போலவே ஆறும் தாய் என்பேன்.

சான் லொரென்சோவின் நீளம் சுமார் 47 கிலோமீட்டர்தான். காஸில் ராக் மாநிலப் பூங்கா இருக்கும் மலைப்பக்கம் பிறந்து, ஒன்பதாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே இறங்குகிறது. போல்டர் கிரீக், புரூக்டேல், பென் லோமண்ட் என வரிசையாக மலையூர்கள். வழிநெடுக ஓடைகள் வந்து கலக்கின்றன. அந்த ஓடைகளிலிருந்து பள்ளத்தாக்கு ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுவந்த பிளாஸ்டிக் குழாய்கள், 2020 ஆகஸ்டில் மின்னலால் மூண்ட காட்டுத்தீயில் உருகிப்போயின. சான்டா குரூஸ் நகரமும் வெளியூர்த் தண்ணீரை நம்பியில்லை. இந்த ஆறும், இதன் கிளையான நியூவெல் ஓடையில் 1960இல் கட்டிய அணையும், வடகரை ஓடைகளும்தான் பெரும்பாலும் அதன் தாகம் தீர்க்கின்றன.

ஃபெல்டனில் 1892இல் கட்டிய கூரை வேய்ந்த மரப்பாலத்தைத் தாண்டினால் ஹென்றி கவல் பூங்கா. ஆயிரம் ஆண்டு கடந்த ரெட்வுட் மரங்கள் அங்கே நிற்கின்றன. நிழல் படர்ந்த ஆற்றுநீர் உச்சி வெயிலிலும் சில்லென்றிருக்கும். ஸ்டீல்ஹெட் மீன்குஞ்சுகளுக்கு அந்தக் குளிர்ச்சிதான் உயிர். சுண்ணாம்புக் காளவாய்களுக்கு விறகாக எரிந்துபோன ரெட்வுட் காடுகளை நினைத்தால், மிஞ்சிய இந்தத் தோப்பின் அருமை புரியும்.

நகருக்குள் நுழைந்ததும் ஆற்றின் கோலமே மாறிவிடுகிறது. 1955 கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்த வெள்ளம் கடைவீதியை மூழ்கடித்தது. அதன்பின் ராணுவப் பொறியாளர்கள் இருபுறமும் கரை எழுப்பினார்கள். நகருக்குள் ஆற்றோடு சேரும் பிரான்சிஃபோர்ட் ஓடையின் கடைசிப் பகுதி கான்கிரீட் வாய்க்காலாயிற்று. வெள்ளத்துக்குத் தடுப்பு தேவைதான். ஆனால் ஊர் பல ஆண்டுகள் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டது. இப்போது கரைமேல் நடைபாதை இருக்கிறது, வில்லோ மரங்கள் மீண்டும் தழைக்கின்றன.

முகத்துவாரத்தில் ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதையில் நின்றால், ஒரு பக்கம் போர்டுவாக் கேளிக்கைப் பூங்காவின் ராட்டினங்கள், மறுபக்கம் திறந்த கடல். 1885 ஜூலையில் டேவிட் கவனனகோவா, எட்வர்ட் கெலியாஹோனுய், ஜோனா கூஹியோ என்ற மூன்று ஹவாய் இளவரசர்கள் இங்கேதான் ரெட்வுட் பலகைகளில் அலையேறினார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் அலைச்சறுக்குக்குக் கிடைத்துள்ள முதல் பதிவு அது.

மழைக்கால வெள்ளம் இங்கே கொண்டுவந்து கொட்டும் மணல் கடலடியில் திட்டாகப் படியும். சில ஆண்டுகளில் அதன்மேல் அருமையான அலை உடையும். கோடையில் நீரோட்டம் தளர, கடலலை மணலை ஒதுக்கி முகத்துவாரத்தை அடைத்துவிடும். உள்ளே தேங்கும் கழியில்தான் ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் கடலுக்குப் போகுமுன் கொழுத்து வளர்கின்றன. விளையாட்டாக யாரேனும் அடைத்து நிற்கும் மணலில் மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் கீறிவிட்டால் போதும். தண்ணீர் அதைத் தானே அறுத்து அகலமாக்கி, கழியையே வடித்துவிடும், தயாராகாத குஞ்சுகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கோடையில் அங்கே போகிறவர்கள் முகத்துவாரத்தை அடைக்கும் அந்த மணல்மேட்டில் கைவைக்காதீர்கள். மற்றவர்கள் வெட்டக் கண்டாலும் தடுத்து நிறுத்துங்கள்.