மஞ்சள் குறிகள்

"ஏம்மா, எழுத்தெல்லாம் ஏன் இப்படித் தடிச்சுக் கிடக்கு?" என்று கேட்டார் சித்தப்பா. அவருடைய டிடிபி கடைக் கணினியை ஃபார்மட் அடித்து, விண்டோஸ் 10 போட்டு முடித்திருந்தேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. கிராபிக்ஸ் டிரைவர் இல்லாததால், அகலத் திரையில் 1024-க்கு 768 என்ற பழைய அளவுப் படம் இழுபட்டு நின்றது. கல்யாணப் பத்திரிகையின் மயில்கூடப் பருத்துத் தெரிந்தது.

ஃபார்மட் அடிக்கும் முன் அவருடைய தமிழ் ஃபாண்ட்டுகளை எல்லாம் பென் டிரைவில் பத்திரப்படுத்தினேன். நெட்வொர்க் டிரைவரை மறந்துவிட்டேன். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ அந்த டிரைவர் வேண்டும். மதர்போர்டோடு வந்த சிடி எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. கைபேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி, டெதரிங்கை இயக்கிய பிறகுதான் வழி பிறந்தது.

டிவைஸ் மேனேஜரில் வரிசையாக மஞ்சள் ஆச்சரியக்குறிகள். பெயர் தெரியாத பாகத்துக்கும் எண் இருக்கும். 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் கிடைக்கும். 1002 என்றால் ஏடிஐ, அதாவது இன்றைய ஏஎம்டி. 8086 என்றால் இன்டெல். 1978-இல் அவர்கள் வெளியிட்ட செயலியின் பெயரே அது. இந்த எண்ணை வைத்துத் தேடி, தயாரித்தவரின் தளத்திலிருந்தே டிரைவரை எடுப்பதுதான் என் வழக்கம். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் தருகிறோம் என்று அழைக்கும் தளங்களை நான் நம்புவதில்லை. டிரைவர் என்பது இயங்குதளத்தின் உள்ளறை வரை போய் வரும் நிரல். முகம் தெரியாதவர் கையில் அந்தச் சாவியைக் கொடுக்கக் கூடாது.

சிப்செட், கிராபிக்ஸ், ஒலி என்று ஒவ்வொரு மஞ்சள் குறியாக மறைந்தது. மயிலும் பழைய உருவத்துக்கு வந்தது.

மிஞ்சியது லேசர் பிரிண்டர். மலிவு விலை பிரிண்டர்கள் பலவற்றில் பக்கத்தை வரைந்துகொள்ளும் அறிவு கிடையாது. எங்கே கருமை, எங்கே வெண்மை என்று புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு அனுப்புவது கணினியில் உள்ள டிரைவர்தான். அது இல்லையென்றால் பிரிண்டர் ஊமை. தயாரித்த நிறுவனம் 32 பிட் விண்டோஸ் 7 வரைக்கும்தான் டிரைவர் எழுதியிருந்தது. நான் 8 ஜிபி ராம் போட்டு, 64 பிட் விண்டோஸ் ஏற்றியிருந்தேன். 64 பிட் விண்டோஸுக்குள் 32 பிட் டிரைவர் நுழையவே முடியாது.

"நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?" என்றார் சித்தப்பா. எனக்குப் பதில் வரவில்லை. உருளை தேயவில்லை, டோனர் தீரவில்லை. எங்கோ ஒருவர் சில கோப்புகளை எழுதாமல் விட்டதற்காக ஓர் இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடுவது அநியாயம். நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று முன்வருபவர்களிடமாவது மூலநிரலைக் கொடுக்கலாம். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்தில் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கும் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரின் மூலநிரல் மறுக்கப்பட்டது. காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி அதைத் திருத்தத்தான் அவர் கேட்டார். 1983-இல் அவர் அறிவித்த கனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குப் பின்னால் அந்த மறுப்பும் இருக்கிறது.

கடை மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டேன். இப்படிப்பட்ட பிரிண்டர்களின் மொழியைத் தாங்களே ஆராய்ந்து கண்டுபிடித்த தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் ஒன்று அதில் கிடைத்தது. பத்திரிகையை பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் எடுத்துப்போய் அச்சு கொடுத்தேன். பிரிண்டர் சிறிது நேரம் உறுமியது. வெளியே வந்த தாளைச் சித்தப்பா சூடு ஆறுமுன் எடுத்து, மாப்பிள்ளை பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.