சித்தி போடாத கையெழுத்து

சித்தப்பா காரியம் முடிஞ்ச கையோடு சித்தியிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டியது வேறு யாருமில்லை, எங்கப்பாவும் பெரியப்பாவும்தான். "உனக்கெதுக்கும்மா வீடு? அம்மா பேருக்கு விட்டுக் குடுத்துடு, நாங்க பாத்துக்கறோம்."

1937 சட்டத்தில் விதவைக்கு ஆயுசு வரைக்கும் அனுபவிக்கிற உரிமைதான். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அதை முழு உரிமையாக்கியது. உயில் இல்லாமல் போனவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாருக்கும் சம பங்கு. இவர்கள் இருக்கும்போது அண்ணன் தம்பிக்கு ஒன்றும் கிடையாது. இங்கே சித்தி, பாட்டி, பசங்க ரெண்டு பேர். ஆளுக்குக் கால் பங்கு.

சித்தி பேனாவை எடுக்கப் போனாங்க. பாட்டிதான் கையைப் பிடிச்சாங்க.

"போடாதடி. உன் மாமனார் போனப்ப நான் போட்டுட்டுப் பட்டது போதாதா?"

அப்பா பத்திரத்தை மடிச்சு வெச்சுட்டார். அன்னிக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூசியது.