கடுகளவு தேன்சிட்டு

கும்பகோணத்தில் தாத்தா வீட்டுக் கொல்லையில், கிணற்றடியை ஒட்டி வாழைகள் நின்றன. குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாம் அவற்றுக்குத்தான். ஒன்று பூத் தள்ளிவிட்டால் போதும், விடிந்ததிலிருந்து தேன்சிட்டுகளின் கீச்சுச் சத்தம் ஓயாது. எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு மாமா அக்ஃபா கிளிக் 3 காமிராவோடு வந்திருந்தார்.

"கிட்டப் போய் எடுங்க மாமா."

"போனா பறந்துடும்டா. பறக்கலைன்னாலும், 10 அடிக்குள்ளே இந்தப் பெட்டி கலங்கலாத்தான் எடுக்கும்."

சுருளுக்கு 12 படம். நெகட்டிவ் 6 செ.மீ. சதுரம். 10 செ.மீ.கூட இல்லாத தேன்சிட்டு, 10 அடி தூரத்திலிருந்து அதில் விழுந்தால் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். கடுகுதான். அந்தக் கடுகைச் சதுரத்தில் எங்கே வைப்பது என்பதே மாமாவின் கவலை. குருவியை அவர் துரத்தவே மாட்டார். அது வருமுன் போய் இடம் பிடித்துவிடுவார்.

பூவில் மூக்கை விடுமுன் அது பக்கத்து மட்டையில் ஒரு நொடி உட்காரும். எப்போதும் அதே மட்டை. அதை ஓரமாகவும் பூவை எதிர்ப்பக்கமும் வைத்தார். குருவி பார்க்கிற பக்கம் இடம் இருந்தால்தான் அது எங்கே போகப்போகிறது என்று தெரியுமாம். ஷட்டரோ மெதுவானது, சிறகடிக்கும்போது அமுக்கினால் தீற்றல்தான் மிஞ்சும். காமிராவில் ஊட்டியில் செய்த இந்து ஃபிலிம், கறுப்பு வெள்ளை. மஞ்சள் வயிறு அதில் வெளிறித்தான் விழும். பின்னால் வானம் இருந்தால் கரைந்தே போகும். மாமா கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். மாட்டுக்கொட்டகையின் நிழல் பூவுக்குப் பின்னால் வந்து நின்றது. "இப்பப் பாரு" என்று காமிராவை என் கண்ணில் வைத்தார். இருட்டின் முன்னே அந்த வயிறு மட்டும் பளிச்சென்று இருந்தது.

இப்போது 600 மி.மீ. லென்ஸில் இறகை எண்ணிவிடலாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குருவி எந்த மரத்துக்கு, எதற்காக வந்தது என்று பாதிப் படங்களில் தெரிவதில்லை.

சுருளில் மிச்சமிருந்ததில் குடும்பப் படம் எடுத்தார். அதிலும் அதே கணக்கு: எல்லோரும் ஓரமாக, திண்ணையும் தூணும் தாராளமாக. பிரிண்ட் வந்ததும் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"வீடு நன்னா விழுந்திருக்குடா. நாங்கள்ளாம் எங்கே?"