தொண்ணூற்று மூன்று குதிரைகள்

எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் குதிரைத்திறன் என்ற சொல் கிணற்று மோட்டாரோடுதான் வந்தது. "அஞ்சு எச்பியா, ஏழரையா?" என்பது கல்யாணப் பேச்சில்கூட வரும் கேள்வி. மோட்டார் மேல் அடித்திருக்கும் தகட்டில் ஐந்து என்றிருக்கும். காயில் கட்டியவர் உள்ளே ஏழரைக்குக் கட்டியிருப்பார். தகடு ஒன்று சொல்லும், கிணற்றில் வேறொன்று நடக்கும் என்பது கொங்குப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் டெஸ்ட் பெஞ்சில் வேலை பார்க்கிறேன். இத்தனை மீட்டர் உயரத்துக்கு இத்தனை லிட்டர் தள்ளும் என்று தகட்டில் போடப் போகிறோம் என்றால், அதை முதலில் தொட்டியில் இறக்கி, வால்வைத் திருகி, சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். சுமையில்லாமல் எந்த மோட்டாரும் அழகாகத்தான் ஓடும். தம்பி தன் காரை டைனோவில் ஏற்றப் போவதாகச் சொன்னபோது எனக்கு அதிகம் விளக்கம் தேவைப்படவில்லை. அதுவும் ஒரு டெஸ்ட் பெஞ்ச்தான். நீருக்குப் பதிலாக ரோலர், அவ்வளவே.

கார் பழைய மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர், பதினாறு வால்வ், ஒற்றைக் கேம்ஷாஃப்ட். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 85 குதிரைத்திறன் என்று சொல்லப்பட்ட என்ஜின். தம்பி மூன்று வருடம் அதை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். சிலிண்டர் ஹெட்டைப் போர்ட் செய்து, கம்ப்ரஷனைக் கூட்டி, கேம்ஷாஃப்டை மாற்றி, நான்கு குழாய் ஒன்றாகச் சேரும் எக்ஸாஸ்ட் செய்து, கம்பெனி ஈசியூவைக் கழற்றிவிட்டு நாமே நிரல் எழுதக்கூடிய ஒன்றைப் பொருத்தினான். ஹெட் வேலை பார்த்த பட்டறையில் "நூத்தி முப்பது நிச்சயம் தம்பி" என்று சொல்லியிருந்தார்கள். எதை வைத்துச் சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற வயசும் இல்லை, அப்போது இருபத்தி நாலு.

இந்தக் கார் சாலையில் ஓட்டுவதற்கில்லை. பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. எனவே எங்கே போனாலும் ரெக்கவரி வண்டி மேல் ஏற்றித்தான் போகும். அதற்கு ஓடும் இடம் ஒன்றே ஒன்று: செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர் தடம்.

வெளியூர்க்காரர்களுக்கு, கோயம்புத்தூரில் ஏன் ரேஸ் என்று தோன்றலாம். இந்த ஊரில் ஃபவுண்டரி இருந்தது, லேத் இருந்தது, மில் இருந்தது. ஒரு பாகம் உடைந்தால் சாயங்காலத்துக்குள் செய்து தர ஆள் இருந்தது. கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதி காரை உருவாக்கியதும் இந்த ஊரில்தான். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுக் கார் இறக்கி ஓட்டிய விளையாட்டு, ஓரளவுக்காவது கீழே இறங்கி வந்தது அதனால். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில்தான் அந்தத் தடம். 2005இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டியபோது என் தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். நோய் அங்கேதான் தொற்றியது.

மூன்று வருடச் செலவில் பாதி அவனுடைய சம்பளம். மீதி, கூட்டுறவு வங்கியில் இருக்கும் அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி. அம்மா கழற்றிக் கொடுத்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு காரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பூர்க்காரர் ஒருவர் வந்தது அந்தச் சமயத்தில். அவர் மகனுக்கு ஒரு சீசன் ஓட்டக் கார் வேண்டும். எஸ்டீமைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றார். "ஆனா வீல்ல நூறு இருக்கோணும். சீட்டுல பாத்துட்டு அட்வான்ஸ் தர்றேன்." அந்த அட்வான்ஸ், சங்கிலியை மீட்கிற தொகைக்குக் கிட்டத்தட்ட இருந்தது.

சீட்டு என்று அவர் சொன்னது டைனோ தாளை.

*

டைனோ இருக்கும் அறை ஊருக்கு வெளியே ஒரு தகர ஷெட். தரையோடு தரையாக இரண்டு ரோலர்கள். காரின் முன்சக்கரங்களை அதன் மேல் நிறுத்தி, நான்கு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டுகிறார்கள். முன்னால் ஆள் உயர ஃபேன். பின்னால் புகையை வெளியே இழுக்க ஒரு தடித்த குழாய். கட்டிவைத்த காளை மாதிரிதான் இருந்தது.

எளிய டைனோவில் எடை தெரிந்த ஒரு கனமான உருளை இருக்கும். அது எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்பதிலிருந்து சக்கரம் எவ்வளவு முறுக்கியது என்று கணக்குப் போடுவார்கள். இந்த ஷெட்டில் இருந்ததில் மின்காந்த பிரேக்கும் உண்டு. என்ஜினை 3000 சுற்றில் பிடித்து நிறுத்தி, மேலே போக விடாமல், எவ்வளவு முறுக்குகிறாய் என்று கேட்கலாம். குதிரைத்திறனை எந்த டைனோவும் நேரடியாக அளப்பதில்லை. அளப்பது முறுக்குவிசையும் சுற்றும்தான். பெருக்கி, 9549ஆல் வகுத்தால் கிலோவாட். அதைக் குதிரையாக மாற்றுவது வாட் காலத்துப் பழக்கம். ஒரு குதிரை என்றால் 746 வாட்.

முதல் ஓட்டம் நான்காவது கியரில். டியூனர் உள்ளே உட்கார்ந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு நொடிதான். சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. ஷெட் தகரம் அதிர்ந்தது. அடங்கியதும் எல்லோரும் திரையைப் பார்த்தோம்.

86.

தம்பி திரையைப் பார்த்தபடியே நின்றான். "இது வீல்ல இருக்கற பவர் தம்பி" என்றார் டியூனர். "கியர்பாக்ஸ், டயர் எல்லாம் தின்னது போக." அந்தத் தின்னல் எவ்வளவு என்பதில்தான் பாதிப் பேர் விளையாடுகிறார்கள். வழக்கமாகப் பதினைந்து சதவீதம் என்று சொல்லி, சக்கரத்தில் கிடைத்ததை அதற்கேற்ப ஏற்றி, என்ஜினில் இவ்வளவு என்று பெருமையடிப்பார்கள். அந்தப் பதினைந்தை அந்தக் காரில் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அப்படி ஏற்றினாலும் 86 எங்கேயும் 130 ஆகாது.

"மேப் இன்னும் போடவே இல்லீல்ல. பாக்கலாம்" என்று லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

*

அதற்குப் பிறகு நடந்த ஐந்து மணி நேரம்தான் நான் பார்த்ததிலேயே பொறுமையான வேலை. திரையில் ஒரு பெரிய கட்டம். கீழே சுற்று, பக்கத்தில் சுமை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்: இந்தச் சுற்றில், இந்தச் சுமையில், இவ்வளவு பெட்ரோல். பிரேக்கால் என்ஜினை அந்தக் கட்டத்தில் பிடித்துவைத்து, எக்ஸாஸ்டில் செருகிய லாம்ப்டா சென்சாரைப் பார்த்து, எண்ணைக் கொஞ்சம் மாற்றி, அடுத்த கட்டம். பழைய புத்தகங்களில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றிருக்கும். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. அதற்கு அந்தக் கணக்கு சுமார் பதிமூன்றரைக்கு இறங்கிவிடும். லாம்ப்டா அந்தத் தகராறுக்குள் போவதில்லை. சரியாக எரிந்தால் ஒன்று. முழுச் சுமையில் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே, பெட்ரோல் தூக்கலாக.

பெட்ரோல் முடிந்ததும் இக்னிஷன் டைமிங். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் அடிக்க வேண்டும் என்பது. டியூனர் ஒரு டிகிரி கூட்டினார். முறுக்கு மூன்று நியூட்டன் மீட்டர் ஏறியது. இன்னொரு டிகிரி, ஒன்றுதான் ஏறியது. இன்னொன்று, அசையவில்லை. அவர் உடனே ஒரு டிகிரி பின்னால் வந்துவிட்டார். ஏறாத இடத்துக்கு மேல் போனால் என்ஜின் தட்ட ஆரம்பிக்கும். எரிய வேண்டிய கலவை தானாக வெடிக்கும்; பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அதைக் கேட்பதற்கு என்ஜின் பிளாக்கில் ஒரு மைக்கை இறுக்கி, காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார். ஒரு தடவை எனக்கும் கொடுத்தார். பெரிய இரைச்சலுக்கு நடுவே, தகர டப்பாவில் கூழாங்கல் போட்ட மாதிரி ஒரே ஒரு 'டிக்'.

"கேட்டுச்சா அம்மிணி? இது திரைல வர்றதுக்கு முந்தி காதுல வந்துரும்."

மூன்று மணிக்கு 97 வந்தது. தம்பி முகத்தில் வெளிச்சம் வந்ததும் அப்போதுதான். இன்னும் மூன்று குதிரை.

*

வரைபடத்தில் எனக்குக் கண் போனது உச்சிக்கு அல்ல. 3700இல் ஆரம்பித்து 4600 வரை முறுக்குக் கோடு கிணற்று வாய் மாதிரி உள்ளே விழுந்திருந்தது. 4100இல் 82 நியூட்டன் மீட்டர்தான். பம்பிலும் இப்படி வரும். உச்சியில் நல்ல எண், நடுவில் ஆள் இருக்காது. ஆனால் விவசாயி ஓட்டப் போவது நடுவில்தான்.

கேட்டேன். டியூனர் சிரித்துவிட்டார். "நானும் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்." காரணம் புதிய கேம்ஷாஃப்ட். அது வால்வுகளை நீண்ட நேரம் திறந்துவைக்கும். உயர்ந்த சுற்றில் அது வரம். அந்த நடுப்பகுதியில், எக்ஸாஸ்ட் குழாயில் திரும்பி வரும் அழுத்த அலை தவறான நேரத்தில் வந்து சேர்கிறது. எரிந்த புகை திரும்பி உள்ளே வந்து புதுக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கேம் புல்லியைச் சில டிகிரி முன்னால் தள்ளினால் பள்ளம் நிரம்பும். உச்சி குறையும்.

அரை மணி நேரத்தில் புல்லியைத் தளர்த்தி, நகர்த்தி, இறுக்கினார்கள். அந்தப் பகுதி மேப்பை மறுபடி போட்டு ஓட்டினார்கள். 4100இல் 82 இருந்த இடத்தில் 95. அதாவது அந்தச் சுற்றில் 47 குதிரை இருந்த இடத்தில் 55. உச்சி 93.

இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் காட்டினார். "தடத்துல நீ வளைவ விட்டு வெளிய வர்றது எத்தனல?"

"நாலாயிரம், நாலாயிரத்து எரநூறு."

"அப்ப உனக்கே தெரியுமே."

தம்பிக்குத் தெரிந்தது. திருப்பூர்க்காரருக்கு வேண்டியது நூறு. வெளியே வந்து காரின் மேல் சாய்ந்துகொண்டான். உள்ளே போய்க் கேட்டது அவன்தான்: "ங்ணா, பழைய செட்டிங்க்ல நூறு காட்ட முடியுமா?"

முடியும். அதை அவர் மறைக்கவில்லை. அழுத்தமும் வெப்பமும் மாறினால் என்ஜின் இழுக்கும் காற்றின் அளவு மாறும். கோவை கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலே. காற்றழுத்தம் ஐந்து சதவீதம் குறைவு. ஏப்ரல் வெயில் வேறு. எல்லா இடத்து அளவும் ஒப்பிடக் கூடியதாக இருக்க, ஒரு நிர்ணயித்த வானிலைக்குத் திருத்திச் சொல்வார்கள். எஸ்ஏஇ முறையில் 25 டிகிரி வெப்பம். அறையின் வெப்பத்தை ஒரு சிறு சென்சார் சொல்கிறது. அந்தச் சென்சாரை ரேடியேட்டர் விடும் சூட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், பாவம் இந்த என்ஜின் இவ்வளவு சூட்டிலா ஓடியது என்று நம்பி மென்பொருள் மூன்று நான்கு குதிரையைச் சேர்த்துக் கொடுத்துவிடும். யாரும் பொய் எழுத வேண்டியதில்லை. ஒரு ஒயரை நகர்த்தினால் போதும்.

"நெறையப் பேர் கேப்பாங்க தம்பி. பக்கத்து ஊருல செஞ்சும் குடுக்கறாங்க. நான் செஞ்சா, நாளைக்கு நீ வந்து ஒரு பார்ட்ட மாத்திட்டு, ஏறிச்சா எறங்கிச்சான்னு கேட்டா நான் எத வச்சுச் சொல்றது?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை. சங்கிலி அம்மாவுடையது, கார் அவனுடையது. என் வேலையில் இதே கேள்வி மாதத்துக்கு ஒரு தடவை வரும், கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன் என்று. வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சுலபம். சம்பளம் அதற்குத்தான் தருகிறார்கள். அவனுக்கு அப்படி இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "புல்லி இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும்ணா. ரெண்டு கோடும் இருக்கற தாளே பிரிண்ட் போட்டுருங்க" என்றான்.

*

திருப்பூர்க்காரர் தாளைப் பார்த்தார். தம்பி பள்ளத்தைக் காட்டி விளக்கினான். வளைவுகளைக் கையால் வரைந்து காட்டினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும் கண்ணு. ஆனா தொண்ணூத்தி மூணுன்னு பையங்கிட்டப் போய்ச் சொல்ல முடியாதல்ல" என்றார். வேறொரு கார் எடுத்தார்கள். அதன் தாளில் 108 இருந்ததாம். இருக்கலாம். உண்மையாகவே இருந்திருக்கவும் கூடும்.

எங்களுக்குச் சங்கிலி வர இன்னும் பதினான்கு மாதம் ஆனது. தம்பி ஒரு பட்டறையில் சனி ஞாயிறும் வேலை பார்த்தான். வட்டியை நான் கட்டினேன். அம்மா விசேஷங்களுக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போனார். கேட்டவர்களிடம் "லாக்கர்ல இருக்குதுங்க" என்றார். அந்த ஒரு பொய்யை எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றினோம்.

டைனோவுக்கு அடுத்த மாதம் செட்டிபாளையத்தில் தம்பி ஓட்டியபோது நான் போயிருந்தேன். பழைய நேரத்தைவிடச் சுற்றுக்கு ஒன்றே கால் நொடி குறைந்தது. புது டயரும் போட்டிருந்தான், அதனால் முழுப் பெருமையும் புல்லிக்குப் போகாது. ஆனால் மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது முன்பெல்லாம் என்ஜின் ஒரு கணம் மூச்சுப் பிடிக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கே கேட்கும். அன்றைக்கு அந்த இடைவெளி இல்லை. குரல் ஒரே இழுப்பாக ஏறிக்கொண்டு போனது.

எனக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். யார் அழைத்தார்கள் என்று தெரியவில்லை, பஸ் ஏறி வந்திருந்தார். நாலாவது சுற்றிலோ ஐந்தாவதிலோ, "அந்தத் திருப்பத்துல இப்ப திணறல பாரு" என்றார்.