போகமாட்டேன்னு அடம்பிடிச்ச பாஸ்வேர்ட்

ஆபீஸ் ஆணிகளுக்கு நாலு நாள் லீவு விட்டுட்டு முத்துப்பேட்டைல மாமா வீட்டுக்குப் போனா, அங்கேயும் ஒரு ஆணி காத்துக்கிட்டிருந்தது. பொட்டி தட்டுறவனுக்கு ஏதுங்க லீவு?

மேட்டர் இதுதான். மாமாவோட கம்ப்யூட்டர் முன்கூடத்துல இருக்கு. சாயங்காலமானா அத்தைகிட்ட டியூஷன் படிக்கிற வாண்டுங்க அதுல கேம் விளையாடும். போன வாரம் ஒரு வாண்டு தண்டர்பேர்டுக்குள்ள பூந்து, 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' பட்டியலைத் திறந்து, 'ஷோ பாஸ்வேர்ட்ஸ்' பட்டனை அமுக்கி, மாமாவோட பாஸ்வேர்டை வாய்ப்பாடு மாதிரி சத்தமா படிச்சிருக்கான். துபாய்ல இருக்கிற பெரியவனோட செல்லப்பேரும் பொறந்த வருஷமும். பேங்குக்கும் அதேதான்னு அத்தை சொன்னப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

பேங்க் பாஸ்வேர்டை அப்பவே மாத்தினோம். மெயிலுக்கு மட்டும் மாமா மசியலை. "புதுசை யாரு ஞாபகம் வச்சிக்கிறது? நீ அங்கேருந்து அழிச்சிடு மாப்ள, போதும்." சரின்னு பட்டியல்ல ரிமூவ் பண்ணிட்டுத் தூங்கினேன். காலைல பார்த்தா ஜம்முனு உக்கார்ந்திருக்கு.

புரொஃபைல் ஃபோல்டரையே மொத்தமா தூக்கியிருக்கலாம். ஆனா மாமாவோடது பாப் கணக்கு, சர்வர்ல காப்பி வைக்காம இறக்கிக்கிற மாதிரி செட் பண்ணினது. மெயில் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்லதான். 2018 நவம்பர்ல கஜா புயல் தோப்பைப் புரட்டிப் போட்டு, நாள்கணக்கா கரண்ட் இல்லாம கிடந்தப்ப பெரியவன் அனுப்பின மெயில்களும் அதுலதான். முதல் வேலையா எல்லாத்தையும் பென்டிரைவ்ல எடுத்து வச்சேன்.

அப்புறம் தண்டர்பேர்டை மூடிட்டு, பாஸ்வேர்ட் இருக்கிற 'லாகின்ஸ்.ஜேசன்' ஃபைலை மட்டும் அழிச்சேன். திறந்தா, பட்டியல் அப்படியே! பேய் வீடு மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் நோண்டினப்பதான் புரிஞ்சது: பக்கத்துலேயே 'லாகின்ஸ்-பேக்கப்.ஜேசன்'னு ஒண்ணு இருக்கு. அசல் காணோம்னா அதுலேருந்து தானா மீட்டுக்கும். ஃபைல் கெட்டுப்போனா பாஸ்வேர்டெல்லாம் போயிடக்கூடாதுன்னு செஞ்ச நல்ல ஏற்பாடு, எனக்குத்தான் வில்லன். ரெண்டையும் அழிச்சேன். பட்டியல் காலி. அத்தை கையால ஒரு காபி குடிச்சேன்.

மறுநாள் காலைல மறுபடியும் இருக்கு!

நாலாவது நாள் விடியக்காலைல எழுந்து கூடத்துல உக்கார்ந்தேன். அஞ்சரைக்கு மாமா வந்தார். தண்டர்பேர்டைத் திறந்தார். அது பாஸ்வேர்ட் கேட்டுச்சு. ஒத்தை விரலால அடிச்சார். கீழே 'ஞாபகம் வச்சுக்கவா'ங்கிற கட்டத்துல பக்தியோட ஒரு டிக் போட்டார்.

"மாமா! தினமும் இதைத்தான் பண்றீங்களா?"

"கேக்குது, குடுக்கறேன். நீதான் ஏதோ ரிப்பேர் பண்றியே, அதான் கேக்குதுன்னு நினைச்சேன்."

மூணு நாளா நான் ஃபைல் ஃபைலா தேடின எதிரி, தோள்ல துண்டோட எதிர்ல நிக்கிறார். நானும் ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். எஞ்சினியருக்கு அது வராது :-)

மெயில் பாஸ்வேர்டை மாத்த வச்சேன். வாண்டு படிச்சது இனி யாருக்கும் உதவாது. கான்ஃபிக் எடிட்டர்ல 'ரிமெம்பர் சைனான்ஸ்'னு முடியற வரியை ஃபால்ஸ் ஆக்கினேன். வாண்டுங்களுக்கு விண்டோஸ்ல தனி கணக்கு, மாமாவோடதுக்குப் பூட்டு. (உங்க வீட்டுல ஜிமெயில்னா, அந்தப் பட்டியல்ல பாஸ்வேர்டுக்குப் பதிலா 'ஓ-ஆத்'னு ஒரு டோக்கன் இருக்கும். அங்கே அழிச்சா மட்டும் பத்தாது, கூகுள் கணக்குக்குள்ள போய் தண்டர்பேர்டுக்குக் குடுத்த அனுமதியையும் எடுத்துடுங்க.)

கிளம்பற அன்னிக்குக் காலைல கூடத்துலேருந்து குரல். "மாப்ள, முதல் எழுத்து பெருசா, சின்னதா?"

"பெருசு மாமா."

டொக், டொக்னு சத்தம். உள்ளே போயிட்டார். புது மெயில் ஒண்ணும் இல்லை. கீழே கீழே உருட்டிக்கிட்டே போய் 2018 நவம்பர்ல நிறுத்தினார். "அப்பா, லைனே கிடைக்கலை. எல்லாரும் நல்லாருக்கீங்களா?" கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு அதை இன்னொரு தடவை படிச்சார். நான் பையை எடுத்துக்கிட்டு சத்தம் போடாம வாசலுக்கு வந்தேன்.