பாம்பூஃப்ளாட்டில் ஒரு பழைய படகு

சாத்தம் துறையில் வாகனப் படகுக்காகக் காத்து நிற்பவர் வடக்கே நோக்கினால், நீர்ப்பரப்புக்கு அப்பால் பசிய மலையொன்று எழுந்து நிற்பதைக் காண்பார். பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் நம் நாட்டவர் அனைவரும் கண்டு பழகிய மலை அதுவே. முன்னர் ஹாரியட் மலை என்று வழங்கிய அதற்கு 2021இல் மணிப்பூர் மலை என்று பெயர் சூட்டினார்கள். அதன் அடிவாரத்தில், கடலுக்கும் காட்டுக்கும் இடையே கிடக்கும் ஊர்தான் பாம்பூஃப்ளாட்.

சாத்தத்தில் 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலையின் அருகே படகேறினால் சிறிது நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். சாலை வழியே சுற்றிக்கொண்டு போனாலோ நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆகவே இவ்வூர் மக்களுக்குக் கடலே தெரு. கரையோரமாகக் கிழக்கே சென்றால் ஹோப் டவுன் வரும். 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, மலையைக் கண்டு இறங்கிவந்த வைசிராய் மேயோ பிரபு, படகேறும் தறுவாயில் ஷேர் அலி என்னும் கைதியால் குத்திக் கொல்லப்பட்டது அவ்விடத்தில்தான். இன்று அங்கே அலையோசையன்றி வேறு ஆரவாரம் இல்லை.

இவ்வூரில் தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியினர் அனைவரும் கலந்து வாழ்கின்றனர். பொதுமொழி இந்தி. இராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. வரலாறு கூறுவது என் நோக்கமன்று. ஒரு பழைய மோட்டார்ப் படகை வாங்கி நாங்கள் பட்ட பாட்டையும், பெற்ற படிப்பினையையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லவே எழுதுகிறேன்.

2011ஆம் ஆண்டு, என் மனைவியின் தம்பி ஒருநாள் ஓடி வந்தார். “மச்சான், ஒரு டோங்கி விலைக்கு வருகிறது. மீன் பிடிக்கலாம், சாமான் ஏற்றலாம். நாம் இருவரும் சேர்ந்து வாங்கிவிடுவோம்” என்றார். எந்திரம் பொருத்திய சிறு மரப்படகை இங்கே டோங்கி என்பார்கள். என் கையில் பணம் இல்லை. என் மனைவி ஒன்றும் பேசாமல் தம் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதை அடகு வைத்துப் படகை வாங்கினோம்.

நாங்கள் செய்த முதற் பிழை, எந்திரத்தின் ஓசையைக் கேட்டு மயங்கியது. ஒற்றை உருளை டீசல் எந்திரம் ஒரே சுழற்றில் உயிர்பெற்றது. நாங்கள் போவதற்கு முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்பது பின்னரே விளங்கிற்று. பழைய எந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காலையில் முதல் முறை எழும்ப மறுப்பதே அதன் உண்மை நிலை.

படகைக் கண்ட மூத்த ஆசாரி ஒருவர் எந்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. சிறு கத்தியை எடுத்து, ஏராவை ஒட்டிய அடிப்பலகையில் குத்தினார். கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. “தம்பி, வெளியே ஊசித் துளை, உள்ளே தேன்கூடு” என்றார். கப்பற்புழு அரித்த மரம் அப்படித்தான் இருக்கும். வண்ணம் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கத்திக்குத்தான் தெரியும். நல்ல வேளையாக இரண்டு பலகைகளோடு கேடு நின்றிருந்தது.

படகைக் கரையேற்ற நாள் பார்க்க வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் மிக உயரும், மிகத் தாழும். உயர்ந்த நீரில் படகை மேட்டுக்கு மிதக்கவிட்டு முட்டுக் கொடுத்தால், நீர் வற்றியதும் அது தரையில் அமர்ந்துவிடும். ஆயின் முதியோர் சொன்ன இடங்கள் எமக்கு உதவவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் இப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துபோயிற்று. வட அந்தமானிலோ நிலம் மேலெழுந்தது. முன்பு தென்னை நின்ற இடத்தில் இன்று அலை வந்துபோகிறது. ஒரு தலைமுறை கற்று வைத்திருந்த கரை, சில நிமிடங்களில் பொய்த்துவிட்டது. ஆகவே புதிய மேடு ஒன்றைத் தேடிப் பிடித்தோம்.

பலகை மாற்றினோம். இணைப்புகளில் பஞ்சைச் செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினோம். இதனையே நம் முன்னோர் கலப்பற்று என்றனர். அடியில் படிந்திருந்த கொட்டலசைச் சுரண்டி எடுத்தோம். எந்திரத்தின் தண்டு படகை விட்டு வெளியேறும் குழாயில் பழைய அடைப்புக் கயிற்றை நீக்கிப் புதியது இட்டோம். அவ்விடத்தை அளவு கடந்து இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும், தளர விட்டால் படகு நிரம்பும். ஓடும்போது சொட்டுச் சொட்டாக நீர் கசிவதே முறை என்று ஆசாரி கற்பித்தார். இவ்வளவும் செய்த நாங்கள், டீசல் தொட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அது இரண்டாம் பிழை.

தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன் ஒருநாள், துறைமுக வாயிலில் இருக்கும் ராஸ் தீவைக் கடந்து வெளிக்கடலில் வலை போட்டோம். பிற்பகலில் காற்று எழுந்தது. படகு குலுங்கக் குலுங்க, தொட்டியின் அடியில் பல்லாண்டுகளாய்த் தேங்கியிருந்த கசடும் நீரும் கலங்கி வடிகட்டியை அடைத்தன. எந்திரம் இருமுறை இருமி நின்றுவிட்டது. வடிகட்டியைக் கழற்றித் துடைத்தோம். குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினாலன்றி டீசல் எந்திரம் எழும்பாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றித் தோள் ஓய்ந்தது. நங்கூரம் போட்டோம். கயிறு தரையை எட்டவில்லை.

காற்று தென்மேற்கிலிருந்து வீசியது. அது எங்களைக் கரைக்கன்று, கிழக்கே தள்ளிற்று. அப்பக்கம் ஹேவ்லாக், நீல் தீவுகளைத் தவறவிட்டால் பர்மா, சயாம் கரை வரை திறந்த கடல்தான். கைபேசி நனைந்து கெட்டுவிட்டது. மைத்துனர் தம் கைலியைத் துடுப்பில் கட்டி உயர்த்திப் பிடித்தார். “மச்சான், அக்காவின் சங்கிலி...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. நானும் மறுமொழி சொல்லவில்லை.

பொழுது சாயும் வேளையில் வேறொரு டோங்கி எங்களைக் கண்டது. அதில் இருந்தவர் தெலுங்கர், வயது முதிர்ந்தவர். எங்கள் பழைய கயிற்றை அமரும் பலகையில் கட்டி அவரிடம் எறிந்தேன். அவர் இழுத்ததும் பலகை பெயர்ந்து வந்தது. அவர் சினவாமல் தம் நைலான் வடத்தை எறிந்து, இந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னார். வடத்தை அணியத்தின் உறுதியான கட்டையில், எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழக் கட்ட வேண்டும். இருவரும் பின்னே அமரத்தில் உட்கார வேண்டும், அப்போதுதான் முன்பக்கம் தூக்கி நிற்கும். சுக்கானைப் பிடித்து முன்படகின் நேர் பின்னே வர வேண்டும். வடத்தின் நேரே எவரும் இருத்தலாகாது, இழுபட்ட நைலான் அறுந்தால் சாட்டையாய்த் திரும்பும். அறுத்துவிடக் கத்தி கையில் இருக்க வேண்டும்.

அவர் வடத்தை நீள விட்டார். தம் படகு அலையின் முகட்டில் ஏறும்போது எங்கள் படகும் ஒரு முகட்டில் ஏறுமாறு அதன் நீளத்தை அமைத்தார். இல்லையேல் ஒன்று ஏற மற்றொன்று இறங்க, வடம் வெட்டி வெட்டி இழுத்துக் கட்டையைப் பிடுங்கிவிடும். மிக மெதுவாகவே சென்றார். துறைமுகத்துள் நீர் அடங்கியதும் வடத்தைச் சுருக்கி, இடையே டயர்களை இட்டு, இரு படகுகளையும் பக்கத்துக்குப் பக்கமாகக் கட்டிக்கொண்டார். பாம்பூஃப்ளாட் துறையின் விளக்குகள் தெரிந்தபோது மைத்துனர் அழுதுவிட்டார்.

அன்று பிடித்த மீன் முழுவதையும் பெரியவரிடம் நீட்டினோம். அவர் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, “வடத்தை உலர்த்தி நாளைக்குக் கொடுங்கள். நீங்களும் ஒன்று வாங்குங்கள். உங்களுக்காக அன்று, பிறருக்காக” என்றார்.

மறுநாள் முதல் வேலையாகத் தொட்டியைக் கழற்றிக் கழுவினோம். அடுத்து நீண்ட நங்கூரக் கயிறு, நல்ல வடம், மிதவைச் சட்டைகள் வாங்கினோம். பதிவுத்தாளை எங்கள் பெயருக்கு மாற்றினோம். 2003ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குவிதியின்படி பதிவும் உரிமமும் இன்றிப் படகை மீன்பிடிக்க விடலாகாது. கடலோரக் காவற்படையின் உதவி எண்ணாகிய 1554ஐப் படகின் உட்பலகையில் எழுதி வைத்தோம். கைபேசியை இறுக மூடும் புட்டியில் போட்டுக் கொண்டுபோகவும் கற்றோம்.

சங்கிலியை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின. பழைய படகின் விலை, விற்பவர் கேட்கும் தொகை மட்டுமன்று. பலகை, அடைப்பு, வடம், கயிறு ஆகிய அனைத்தையும் கூட்டியதே அதன் விலை. கையில் உள்ள பணம் முழுவதையும் படகுக்கே கொடுத்துவிடுபவர், பாதிப் படகையே வாங்குகிறார்.

அவ்வடத்தை நாங்கள் மும்முறை பிறருக்காக எறிந்திருக்கிறோம். ஒருமுறை நார்த் பே அருகே நின்றுபோன படகில், எங்களைப்போலவே புதிதாகத் தொழிலில் இறங்கிய இரு வங்காளி இளைஞர்கள் இருந்தார்கள். கரை சேர்ந்ததும் பணத்தை நீட்டினார்கள். என் மைத்துனர் இரண்டு மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டார்.