கற்பிட்டிக் களப்பில்: உப்புக்குள் ஒரு காடு

கற்பிட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மேற்கே போய்விடுகிறார்கள். திறந்த கடல் அங்கேதான். வருட முற்பகுதியில் டொல்பின் பார்க்கப் படகுகள் புறப்படும். காற்றுக் காலம் தொடங்கினால் பட்டத்தின் இழுவையில் அலைமேல் சறுக்குகிறவர்கள் கரையை நிறைத்துவிடுவார்கள். நாங்கள் கிழக்கே திரும்பினோம். சுமார் 327 சதுர கிலோமீற்றர் பரந்த புத்தளம் களப்பு அந்தப் பக்கம் கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையும் களப்பின் ஓரத்தில்தான் நிற்கிறது. அதைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் படகு கண்டல்களின் நிழலுக்குள் நுழைந்தது.

சென்ற பகுதியில் சிங்கராஜ மழைக்காட்டில் நடந்தோம். அங்கே மழைக்குக் குறைவில்லை. மரத்துக்கு மரம் போட்டி எல்லாம் வெளிச்சத்துக்குத்தான். கற்பிட்டியோ உலர் வலயம். வெயில் தலையைப் பிளக்கிறது, தண்ணீரும் வேரடிவரை நிற்கிறது, ஆனால் அதைக் குடிக்க முடியாது. கோடையில் களப்பின் தென்பகுதித் தண்ணீர் கடல்நீரையும் மிஞ்சி உப்பேறுகிறது. புத்தளத்தில் உப்பளங்கள் பெருகியதற்கு இந்த வெயிலும் உப்பும்தான் காரணம். தண்ணீருக்குள் நின்றுகொண்டே வறட்சியைச் சமாளிக்க வேண்டிய நிலை இங்குள்ள மரங்களுக்கு.

ஒவ்வொன்றும் தன் வழியில் சமாளிக்கிறது. நீரோரத்தில் வளைந்த தாங்கு வேர்களை ஊன்றி நிற்கும் கண்டல், உப்பின் பெரும்பகுதியை, 90 வீதத்துக்கும் மேல், வேரிலேயே தடுத்துவிடுகிறது. சற்று உள்ளே நிற்கும் கண்ணா மரம் வேரில் தடுத்தது போக மிச்சமாக ஏறும் உப்பை இலைவழியே வெளியேற்றும். படகோட்டி நானா ஒரு கண்ணாக் கிளையை எட்டி வளைத்து இலையைக் காட்டினார். மேற்பரப்பில் பொடிப்பொடியாக வெள்ளை மின்னியது. விரலால் தடவி நாக்கில் வைத்தால் நல்ல உப்பு. காற்று வீசாத மதியங்களில் உப்பு இப்படிப் படிந்துகிடக்கும். ஒரு மழை பெய்தால் கழுவிப் போய்விடும்.

அடுத்த தொல்லை மூச்சு. களப்புச் சேற்றில் காலை வைத்ததும் அழுகிய முட்டை வாடை எழும்புகிறது. சில அங்குலங்களுக்குக் கீழே அந்த மண்ணில் ஒட்சிசன் கிடையாது. அதனால் கண்ணா தன் வேர்களைச் சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக நீட்டுகிறது, ஒரு மரத்துக்கே ஆயிரக்கணக்கில். நீர் வற்றும் நேரத்தில் அவற்றின் நுண்துளைகள் காற்றை வாங்கிக் கீழே அனுப்பும். கண்டலுக்கு அதே வேலையைத் தாங்கு வேர்கள் செய்கின்றன. இந்த வேர்கள் ஓயாமல் நீருக்குள் மூழ்கிக் கிடந்தால் மரம் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

பிள்ளை வளர்ப்பிலும் கண்டல் தனி ரகம். விதை கீழே விழுந்தால் உப்புச் சேற்றில் முளைப்பது கடினம் என்பதால் தாய்மரத்திலேயே முளைத்துவிடுகிறது. முழ நீளத்துக்கும் மேல் பச்சைத் தண்டாக நீண்டு தொங்கும். தருணம் வந்ததும் கழன்று விழும், சிலது நேராகச் சேற்றில் குத்தி நிற்கும், சிலது மிதந்துபோய் எங்கோ ஓர் ஆழமற்ற கரையில் வேர்விடும்.

வேர்களுக்கிடையே சேற்றில் துள்ளும் சிறு மீன்களைப் பார்த்தோம். தலைக்கு மேல் புடைத்த கண்கள், முன்துடுப்பை ஊன்றி நடை. தோலும் வாயின் உட்புறமும் ஈரமாக இருக்கும்வரை இவை வெளிக்காற்றிலேயே மூச்சு வாங்கும். நண்டுகளோ உதிர்ந்த இலைகளை வளைக்குள் இழுத்துப் போகின்றன. அந்த வளைகள் வழியாகத்தான் மூச்சற்ற சேற்றுக்குள் கொஞ்சமாவது காற்றும் நீரும் இறங்குகின்றன. மட்கிய இலையை உண்ணும் நுண்ணுயிர்கள், அவற்றை உண்ணும் இறால் குஞ்சுகள், அவற்றைத் தேடி வரும் மீன்கள் என்று களப்பு மீன்பிடியின் அடிவாரம் இந்தச் சேற்றில் இருக்கிறது.

“எங்கட வாப்பா காலத்துல கண்டல் பட்டைய அவிச்சுத்தான் வலைக்குச் சாயம் போடுற” என்றார் நானா. பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து நூலை அழுகவிடாது. நைலோன் வலை வந்ததும் அந்த வழக்கம் போயிற்று.

மரங்கள் போனதற்குக் காரணம் சாயம் இல்லை. 1980களிலிருந்து இந்தக் கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. கண்டலை வெட்டிக் குளம் கட்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளைச் சாய்த்தது. பலர் குளங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வரம்புகள் மட்டும் நின்றன, களப்பு நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் வழியில்லாமல்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்டல் நடுவது நாடெங்கும் ஓர் இயக்கமாயிற்று. நல்ல மனதோடு செய்த வேலை. பலன் மனதை வருத்துகிறது. ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 23 இடங்களில் சுமார் 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். 9 இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை. நடுவதற்கு எளிது என்பதால் தாங்கு வேர்க் கண்டலின் கன்றையே எங்கும் நட்டார்கள். அதிக நேரம் மூழ்கிக்கிடக்கும் சேற்றிலும் நட்டார்கள், தண்ணீர் எட்டாத மேட்டிலும் நட்டார்கள். இலங்கைக் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றர்கூட இல்லை. அந்தச் சிறு உயரத்துக்குள்தான் கண்டலுக்கு ஒரு மட்டம், கண்ணாவுக்கு ஒரு மட்டம், பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் தில்லைக்கு இன்னும் மேலே ஒரு மட்டம். சாண் அளவு பிசகினாலும் மரம் பிழைக்காது. கன்றுகளின் எண்ணிக்கையைப் பார்த்த நாம் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கவில்லை.

2015இல் அரசு நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்க முன்வந்தது. சிலாபத்துப் பக்கம் இயங்கும் சுதீச அமைப்பும் அமெரிக்காவின் சீக்கோலொஜியும் அதில் கைகோத்தன. கடற்கரைக் கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, பதிலுக்குக் காட்டைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். 2024இல் இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலக முன்மாதிரிகளில் ஒன்றாக அறிவித்தது. புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையே, 2001இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஆனைவிழுந்தானிலும் கைவிட்ட இறால் குளங்களை மீட்கும் வேலை நடக்கிறது.

திரும்பும் வழியில் அப்படியொரு பழைய குளத்தைப் பார்த்தோம். வரம்பின் ஒரு பக்கம் அலையில் இடிந்து களப்பு நீர் உள்ளே போய்வந்துகொண்டிருந்தது. அந்த வாயைச் சுற்றி மட்டும் கண்ணாக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன, யாரும் நட்டதில்லை என்றார் நானா. நீர் எட்டாத மறுகோடியில் வெடித்த மண்ணும் உப்புப் படலமும்தான்.

நாளை களப்பைக் கடந்து கிழக்குக் கரைக்கு, வில்பத்துவை ஒட்டி கலா ஓயா வந்து கலக்கும் கங்கேவாடிக்குப் போகிறோம். ஆற்று நீர் கிடைக்கும் இடத்தில் இதே கண்டல் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.